சாகு என்றால் போதும்

பஸ் ஒரு பெண் என்பது முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. ராஜஸ்தானத்திலிருந்து வந்திருந்த ஒருவர் எழுதிய கட்டுரையில் அவள் தாமதமாக வந்தாள். அதே கட்டுரையில் நாற்காலி உடைந்தாள், புத்தகம் தொலைந்தாள். தண்ணீர் மட்டும் ஆண்பிள்ளை, அவன் கொதித்தான். இந்தியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. நான் சிவப்பு மையால் எல்லாவற்றுக்கும் கீழே கோடு போட்டு, 'அஃறிணை' என்று ஓரத்தில் எழுதினேன். அந்த ஒரு சொல்லை எழுதி எழுதியே அந்த வருஷம் என் பேனா முள் தேய்ந்துபோனது.

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் ஒரு மொழிப் பயிற்சி மையத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். படிக்க வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. எல்லோரும் வடக்கே பள்ளிக்கூடங்களில் வாத்தியார்கள். ஒரு கல்வியாண்டு முழுக்க இங்கே தங்கித் தமிழ் படித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, ஊருக்குத் திரும்பி மூன்றாம் மொழியாகத் தமிழ் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் இடம் நிரம்பிவிட்டதால் தமிழுக்கு வந்தவர்கள் பாதிப்பேர். மீதிப் பேர் தமிழுக்கும் தெலுங்குக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்தவர்கள். நாங்கள் எல்லோருமே வாத்தியார்கள் என்பதால் நான் அவர்களை 'சார்' என்பேன், அவர்கள் என்னை 'மேடம்' என்பார்கள். யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

பதினைந்து நாளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும். 'என் ஊர்', 'மழைக்காலம்', 'நான் கண்ட திருவிழா' என்று தலைப்பு கொடுப்போம். வயர் கூடையில் கட்டுரைக் கட்டைப் போட்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்துவேன். இந்தியில் இருக்கிற சமஸ்கிருதச் சொல்லெல்லாம் தமிழிலும் அதே பொருளில்தான் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்தியில் சேஷ்டை என்றால் முயற்சி. அதனால், 'தமிழ் கற்க நான் இரவு பகலாகச் சேஷ்டை செய்கிறேன்' என்று எழுதுவார்கள். அங்கே கல்யாணம் என்றால் நலம். அதனால், 'அரசாங்கம் ஏழைகளின் கல்யாணத்துக்காகப் பாடுபடுகிறது.' முதல் வருஷம் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்றாம் வருஷத்திலிருந்து கோடு மட்டும் போட்டேன்.

என் தமிழைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் ஒளித்துவைத்ததுபோல் இருக்கும். நான் மைசூரிலேயே பிறந்தவள். அப்பா மில் வேலைக்காக இங்கே வந்தவர். அம்மாவுக்கு ஹனூர் பக்கம், காட்டோரத் தமிழ்க் கிராமம். பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்து, தமிழை அஞ்சல்வழியில் எம்.ஏ. வரை கொண்டுபோனேன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கோபம் வந்தால் மட்டும் கன்னடம்தான் வரும். அதற்கு நான் என்ன செய்ய?

ராஜஸ்தானத்துக்காரரைப் பற்றித்தான் சொல்லவந்தேன். உயரமான மனுஷர். பெரிய மீசை. மைசூர்க் குளிர் ஒரு குளிரே இல்லை என்று சொல்லிக்கொண்டே நாள் முழுக்க மஃப்ளர் சுற்றியிருப்பார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் எழுத்தெல்லாம் கோட்டின் மேல் உட்காராது. கோட்டின் கீழே தொங்கும். இந்தியில் எழுத்தை அப்படித்தான் தலைக்கோட்டிலிருந்து தொங்கவிடுவார்கள். தமிழையும் அவர் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிட்டிருந்தார். அதற்கு மதிப்பெண் குறைக்க விதி எதுவும் இல்லாததால் விட்டுவிட்டேன்.

அவருக்கு அந்தச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரே ஒரு முறை சொன்னார். மூத்த பெண்ணுக்கு என்ன வயதோ, அத்தனை வருஷமாக அவர் தற்காலிக ஆசிரியர். அந்தப் பள்ளியில் மூன்றாம் மொழிக்கு ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. தமிழில் தேறினால் அது அவருக்கு. தேறாவிட்டால் இன்னொருவருக்கு. அடுத்த வருஷம் திரும்ப எழுதலாமே என்றால், நிரந்தரத்துக்கான வயது வரம்பைத் தாண்டிவிடுவார். பாலைவனத்தின் ஓரத்தில் தமிழ் படிக்க எந்தப் பிள்ளை வரும் என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வாய்ப்பாடம் சுமாராகச் சொல்வார். இலக்கணத் தேர்வில் கரையேறினார். கட்டுரையில்தான் மூழ்கினார். கட்டுரைக்குத் தனியாகத் தேர்ச்சி வேண்டும் என்று விதி. அவருடைய 'என் ஊர்' ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். இடையில் எல்லாம் 'மற்றும்'. 'மழைக்காலம்' மூன்று வரி; மழையை அவர் அதிகம் பார்த்ததில்லை. வருஷக் கடைசியில் மீதி இருந்தது ஒரே ஒரு கட்டுரை. தலைப்பு, 'ஒரு விருந்து'. இதில் நல்ல மதிப்பெண் வாங்கினால்தான் அவர் தப்ப முடியும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தலைப்பைக் கொடுத்த மறுநாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், நான் இந்த ஊரில் யார் வீட்டிற்கும் போகவில்லை. விடுதிச் சாப்பாட்டை விருந்து என்று எழுதினால் பொய் ஆகும்."

"கற்பனையா எழுதுங்க சார். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"கற்பனை எனக்கு வராது, மேடம். நான் கணக்கு வாத்தியார்."

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன கையோடு என்மேலேயே எரிச்சல் வந்தது. மாணவரை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, அந்தச் சோற்றைப் பற்றி அவர் எழுதுவதற்கு நானே மதிப்பெண் போடப்போகிறேன். நல்ல நியாயம்தான்.

அம்மாவுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. வெளியூர் வாத்தியார் ஒருவர் பசியோடு வருகிறார் என்பதுதான் அவளுக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் பூரியும் சாகும். மைசூரில் இதை விளக்கவேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாம் வேகவைத்து, தேங்காயும் கொத்தமல்லியும் பொட்டுக்கடலையும் அரைத்துவிட்டுச் செய்கிற கெட்டிக் குழம்புக்குச் சாகு என்று பெயர். 'கு'வை மெதுவாகச் சொல்லவேண்டும், 'நகு' என்பதில் வருவதுபோல.

அவர் வந்து, செருப்பை வாசலில் கழற்றி நேராக வைத்து, கைகூப்பினார்.

"வாங்க வாத்தியாரே, உக்காருங்க" என்றாள் அம்மா. "ஏனுங்க, உங்க ஊர்ல சோறு உண்டுங்களா, ரொட்டி மட்டுந்தானுங்களா?"

அவர் கண்ணை மூடி வாக்கியத்தைத் தயார்செய்தார். "எங்கள் ஊரில் பெரும்பாலும் ரொட்டி உண்ணப்படுகிறது."

அம்மா கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரேடியோவுல நியூஸ் வாசிக்கறவராட்டமே பேசறாரே! இதைத்தான் நீ சொல்லிக் குடுக்கறியா?"

அப்பாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா பூரியாகப் போட்டுத் தள்ளினாள். நாலைந்து உள்ளே போனதும் அவர் கையை ஆட்டி, "பஸ், பஸ்" என்றார். இந்தியில் 'பஸ்' என்றால் போதும் என்று பொருள். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

"பஸ்ஸுக்கு என்னங்க அவசரம்? இது போனா அடுத்தது வருது. நீங்க சாப்பிடுங்க" என்று இன்னும் இரண்டு பூரி போட்டாள்.

அவருக்குத் தன் தவறு புரிந்துவிட்டது. "போதும், அம்மா" என்றார், தெளிவான தமிழில்.

"அட, கூச்சப்படாதீங்க வாத்தியாரே." இன்னொரு பூரி.

"போதும். மிகவும் போதும்."

"எங்க போதும்? உங்க உசரத்துக்கு இது பத்துமா?" இன்னொரு பூரி.

நான் அடுக்களை நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உதவிக்குப் போயிருக்கலாம், போகவில்லை. கட்டுரைக்கு விஷயம் சேரட்டும் என்று விட்டுவிட்டேன். அப்போது அப்பா, தட்டுக்கு மேலே கையை விரித்து, எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிற சொல்லைச் சொன்னார். போதும் என்பதற்குக் கன்னடத்தில் இருக்கிற சொல். அதுவும் ஏறக்குறைய சாகுதான், ஆனால் 'கு'வை அழுத்திச் சொல்லவேண்டும், 'குடம்' என்பதில் வருவதுபோல. அப்பா அந்தச் சொல்லைச் சொன்னதும் அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த பூரி அப்பாவுக்கு விழவில்லை.

கணக்கு வாத்தியார் இதைக் கவனித்துவிட்டார். அப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு தானும் தட்டுக்கு மேலே கையை விரித்து, அப்பா சொன்னமாதிரியே, 'கு'வை அழுத்திச் சொன்னார்.

அம்மா உடனே நிறுத்தினாள். "அப்பாடி, வயிறு நெறைஞ்சுதுங்களா? செரி, பூரி வேண்டாம். கொஞ்சம் சாகு?" என்று குழம்புப் பாத்திரத்தைக் காட்டினாள். அவர் வேண்டாம் என்கிற பொருளில் அழுத்தமான சாகுவை இரண்டு தரம் சொன்னார். அம்மாவுக்கு அது மெதுவான சாகுவாகக் காதில் விழுந்ததோ, விழுந்ததாக அவளே வைத்துக்கொண்டாளோ, ஒரு கரண்டி நிறைய ஊற்றிவிட்டாள். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது சிரித்து.

அந்த வாரமே கட்டுரை வந்தது. எனக்கு அது இன்றும் ஏறக்குறைய மனப்பாடம்.

'ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தமிழ் வீட்டிற்கு விருந்துக்குப் போனேன். பஸ் தாமதமாக வந்தாள். பூரி எண்ணெயில் நன்றாக உப்பினாள். அம்மா எனக்குப் பூரி மற்றும் சாகு போட்டார்கள். நான் பஸ் என்றேன். அம்மா, பஸ் வரும் என்றார்கள். நான் போதும் என்றேன். அம்மா பூரி போட்டார்கள். அப்பா சாகு என்றார். அம்மா நிறுத்தினார்கள். ஆகவே நானும் சாகு என்றேன். அம்மா, சாகு? என்றார்கள். நான் சாகு, சாகு என்றேன். அம்மா சாகு போட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு என் வீட்டின் நினைவு வந்தாள்.'

பஸ்ஸுக்குக் கோடு போட்டேன். பூரிக்குக் கோடு போட்டேன். 'மற்றும்' என்பதை அடித்தேன். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. வீட்டின் நினைவு வந்தாள். அதைத் திருத்த எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் கோடு போட்டு, 'அஃறிணை' என்று எழுதினேன். விதி விதிதான். மொத்தத்தில் கட்டுரைக்கு ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு, நடந்ததை நடந்தபடி சொல்கிறது. அதற்கு என்ன தகுமோ அதைப் போட்டேன். கூட்டிப் பார்த்தால் அவர் மயிரிழையில் தேறியிருந்தார். ஒரு மதிப்பெண்கூட இரக்கத்துக்காகப் போடவில்லை என்று சத்தியம் செய்வேன்.

'சாகு' எனக்குக் கண்ணில் படவேயில்லை. மெதுவானதும் அழுத்தமானதும் என் காதில் தானாகப் பிரிந்து ஒலித்தன. வீட்டில் தினம் கேட்கிற சொல்லில் யார் பிழை தேடுவார்கள்?

வருஷ முடிவில், கட்டுரைகளை மறுபடி பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வருவது வழக்கம். அவருக்குப் பச்சை மை. சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு வந்தால் பச்சைதான் செல்லும். அந்த வருஷம் வந்தவர் ஓய்வுபெற்றவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தேநீர் கொடுத்தால்கூட 'நன்றி' என்று முழுசாகச் சொல்பவர். அவரை எல்லோரும் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கட்டுரைகளைப் பார்க்கும்போது எதிரில் நான் உட்கார்ந்திருக்கவேண்டும், ஐயம் வந்தால் தீர்த்துவைக்க.

காலை முழுக்கத் தாள் தாளாகப் பார்த்தார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். எழுத்துகள் தொங்குவதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனம்மா, இது விருந்தா, இழவு வீடா?"

"ஏன் ஐயா?"

உரக்கப் படித்தார். "'அப்பா சாகு என்றார். அம்மா நிறுத்தினார்கள்.' எதை நிறுத்தினார்கள்? மூச்சையா?"

அவர் முகத்தில் சிரிப்பில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழ் தெரிந்த யாருக்கும் 'சாகு' என்றால் செத்துப்போ என்றுதான் பொருள். அந்தக் கன்னடச் சொல்லைத் தமிழில் எழுதவே வழியில்லை. ஒரு 'க' போட்டால் சாகச் சொல்வதாகிறது. இரண்டு போட்டுச் 'சாக்கு' என்றால் கோணிப்பையாகிறது. அவர் எப்படி எழுதியிருந்தாலும் மாட்டிக்கொண்டுதான் இருப்பார்.

"'நான் சாகு, சாகு என்றேன். அம்மா சாகு போட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.'" ஐயா தாளைக் கீழே வைத்தார். "சோறு போட்ட அம்மையாரைச் சாகச் சொல்கிறார், அதற்குக் குடும்பமே சிரிக்கிறது. நீங்கள் ஓர் இடத்தில்கூடக் கோடு போடவில்லை."

"அது கன்னடம் ஐயா. போதும்னு அர்த்தம். குழம்புக்கும் இங்க சாகுன்னுதான் பேரு."

"இது தமிழ்த் தேர்வு."

"ஆமாங்க ஐயா."

"இவர் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இதைத்தான் கற்பிப்பார். பிறகு அந்தப் பிள்ளைகள் எல்லோரும் விருந்துக்குப் போய்ச் சாகு என்பார்கள்." மூடியைத் திருகிப் பேனாவைத் திறந்து, என் சிவப்பு எண்ணை அடித்து, பக்கத்தில் பச்சையில் அதில் பாதியைப் போட்டார்.

அந்தப் பாதியில் ஒரு வேலை போயிற்று. ஐயாவுக்கு அது தெரியாது. சொல்லவும் கூடாது, மதிப்பெண்ணுக்கும் குடும்பக் கதைக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது என்பதும் விதி. "ஒரு தடவை அவரையே கூப்பிட்டுக் கேட்டுடுங்க ஐயா. சந்தேகம் வந்தா வாய்மொழியா கேக்கலாம்னு இருக்கு" என்றேன். ஐயா விதிகளை மதிப்பவர். "வரச்சொல்லுங்கள்" என்றார்.

மஃப்ளரோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மேஜையில் தன் தாளையும் பச்சை எண்ணையும் பார்த்தார். கணக்கு வாத்தியார், கூட்டிப் பார்க்க ஒரு கணம்கூட ஆகியிருக்காது.

"போதும் என்ற சொல் தங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், ஐயா."

"பின் ஏன் அதை விட்டு இதை எழுதினீர்கள்?"

அவர் உதடு அசைந்தது. உள்ளே வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"ஐயா, போதும் என்பது மரியாதை. சாகு என்பது உண்மை."

"விளங்கவில்லை."

"நான் போதும் என்றேன். விருந்தாளி வெட்கப்படுகிறான் என்று அம்மா நினைத்தார்கள். ஆகவே போட்டார்கள். நான் சாகு என்றேன். வயிறு நிறைந்தான் என்று நினைத்தார்கள். ஆகவே நிறுத்தினார்கள். எங்கள் ஊரிலும் பஸ் என்றால் யாரும் நிறுத்தமாட்டார்கள்."

"எந்தப் பஸ்?"

"அது வேற ஐயா" என்றேன் நான்.

அந்த வருஷம் முழுக்க அவர் என்னிடம் பேசிய தமிழையெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. பெருமையாக இருந்தது. ஆனால் ஐயா அசையவில்லை. "தமிழ் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தமிழ் வீட்டில் இப்படிப் பேசுவார்கள்? யார் வீடு அது?"

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. சன்னலைப் பார்த்தார். "ஒரு வீடு, ஐயா."

"தமிழர்கள்தாமா?"

"மிகவும் தமிழர்கள்."

"யார் என்று சொன்னால் நான் நம்பலாம். இல்லையென்றால் இது பொய்யாகப் புனைந்த கட்டுரை. மதிப்பெண் இப்படியே இருக்கும்."

மாணவருக்கு வீட்டில் சோறு போட்ட ஆசிரியை என்று தெரிந்தால் என் பெயர் கெடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். தப்பான கணக்கும் இல்லை. நானும் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுகிற தற்காலிகம்தான். பொய் ஆகும் என்று பயந்து விருந்துக்கு வந்தவரை ஐயா பொய்யர் என்கிறார், அவர் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"இருக்கட்டும், ஐயா" என்றார் அவர், மெதுவாக.

"பிறகு என்னைக் குறைசொல்லக்கூடாது. தமிழ் தெரியாத யாரோ வீட்டில் உண்டுவிட்டு, அதைத் தமிழர் வீடு என்று எழுதி..."

"சாகு ஐயா!" என்றேன்.

நான் கத்தியது வராந்தாவரைக்கும் கேட்டிருக்கும். 'கு'வை எவ்வளவு அழுத்தினேன் என்று இப்போது சொல்லமுடியாது. கோபத்தில் எனக்குத் தமிழ் வராது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். எழுபது வயதுப் பெரியவரைப் பார்த்து, தமிழ் எம்.ஏ. படித்தவள், பட்டப்பகலில் அப்படிச் சொல்லிவிட்டேன்.

ராஜஸ்தானத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க வீடு ஐயா அது" என்றேன். "சோறு போட்டது எங்கம்மா. எங்க வீட்ல அப்படித்தான் சொல்றது. நாங்க தமிழங்கதான். நீங்க என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க."

ஐயா என்னையே பார்த்தார். பேனா கையில் அப்படியே இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியில் துடைத்தார், மாட்டினார்.

"போதும் என்று சொல்லியிருக்கலாமே, அம்மா."

நான் எதிரில் கிடந்த தாள்களை நேராக அடுக்கினேன்.

"சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றார் அவராகவே, கொஞ்சம் யோசித்துவிட்டு. "இப்போது நிறுத்திவிட்டேன்."

தாளை இழுத்தார். தன் பச்சை எண்ணைத் தானே அடித்தார். ஓரத்தில், 'சாகு - வட்டார வழக்கு. மேற்கோள்குறி இடவேண்டும்' என்று எழுதி, என் மதிப்பெண்ணில் மேற்கோள்குறிக்காக அரை மட்டும் குறைத்துப் போட்டார். அரை போனாலும் மயிரிழையில் பாதி மீதியிருந்தது. "பஸ்ஸை மட்டும் பெண்ணாக்காதீர்கள்" என்று அவரிடம் சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். என்னைப் பற்றி எங்கேயும் எதுவும் எழுதவில்லை. அடுத்த வருஷமும் என்னைப் புதுப்பித்தார்கள்.

வெளியே வராந்தாவில் ராஜஸ்தானத்துக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "மேடம், மேற்கோள்குறி என்றால் என்ன?" என்று கேட்டார். காற்றில் விரலால் போட்டுக் காட்டினேன். அவரும் போட்டுப் பார்த்தார். அப்புறம்தான் மஃப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தார். இந்த முறை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் அம்மா பூரிக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாள். சாகு கொதித்துக்கொண்டிருந்தது.

"பஸ் சீக்கிரமாக வந்தது, அம்மா" என்றார் உள்ளே வரும்போதே. 'வந்தது' என்றதும் என்னைப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும். ஏதோ ஒன்று குறைந்தமாதிரியும் இருந்தது.

அம்மா போட ஆரம்பித்தாள். அப்பா வழக்கம்போல் ஆறாவது பூரியில் கையை விரித்து ஒதுங்கிக்கொண்டார். கணக்கு வாத்தியார் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"போதும், அம்மா."

"அட, சும்மா இருங்க வாத்தியாரே. இனி எப்பப் பாக்கப் போறனோ." ஒரு பூரி.

"போதும்."

ஒரு பூரி, ஒரு கரண்டி.

அடுத்தது கையை விரிப்பார், அந்தச் சொல்லைச் சொல்வார் என்று நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு வியர்த்துவிட்டது. மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டார். 'போதும்' என்றுதான் சொன்னார், ஒவ்வொரு முறையும். கை தட்டுக்கு மேலே வரவேயில்லை. அம்மா கடைசிப் பூரியையும் போட்டு, பாத்திரத்தைச் சாய்த்து வழித்து ஊற்றினாள். அதையும் ஒரு துளி விடாமல் சாப்பிட்டு எழுந்து கைகழுவினார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். அம்மா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், மூச்சு முட்ட முட்ட சாப்பிட்டுட்டுப் போறாரு மனுசன்" என்றாள். "சாகுங்கற ஒரு வார்த்தை. அன்னைக்கு எவ்வளவு அழகா சொன்னாரு! அதுக்குள்ள மறந்துட்டாரு பாரு. வருசம் பூரா நீ என்னதான் சொல்லிக் குடுத்தியோ போ."



"மறக்கலம்மா" என்றேன். அம்மாவுக்குக் கேட்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.